சுரங்கத்தில் எண்ணப் பழகியவர்

1951இல் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள், துகள்களை எண்ணும் கைகர் குழாய்களைத் தூக்கிக்கொண்டு ஓர் இளைஞர் இறங்கினார். பெயர் பி.வி. ஸ்ரீகண்டன். நஞ்சன்கூட்டுக்காரர். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவிடம் ஆய்வாளராகச் சேர்ந்திருந்தார். விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் துளைத்துக்கொண்டு போகின்றன என்று அளந்து வரச் சொல்லி பாபா அனுப்பிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் எஸ். நாரணன், பி.வி. ரமணமூர்த்தி என்று இன்னும் இரண்டு இளைஞர்கள் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள்.

தங்கவயலின் இயற்பியல் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் நியூட்ரினோ என்ற நுண்துகளில் தொடங்கி நியூட்ரினோவில் முடிப்பார்கள். அது பெரிய சாதனைதான், அதற்கும் வருவேன். எனக்கு இந்தக் கதையில் நெருக்கமானவர் நாரணன். காஸ்மிக் கதிரை எண்ணிப் பழகிய அதே கண்ணால் அவர் ஆய்விதழ்களைப் பார்த்தார், சொற்களைப் பார்த்தார், குறுக்கெழுத்துப் புதிரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். இன்று 'டேட்டா சயின்டிஸ்ட்' என்று அட்டையில் அச்சடித்துக்கொள்கிறோமே, அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வேலையை முழுமையாகச் செய்தவர் அவர்.

முதலில் சுரங்கத்து வேலை.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், நம் வளிமண்டலத்தின் உச்சியில் காற்றணுக்களோடு மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பிறக்கும் மியூவான் என்ற துகள்தான் தரைவரை வந்து சேரும் மின்னூட்டத் துகள்களில் அதிகம். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகிறது. நீட்டிய உள்ளங்கையை இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பல மியூவான்கள் கடந்திருக்கும். ஆற்றல் மிகுந்த மியூவான் பாறையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஆற்றல் குறைந்தது வழியிலேயே நின்றுவிடும். ஆகவே எந்த ஆழத்தில் எத்தனை மியூவான் மிஞ்சுகிறது என்று எண்ணினால், மேலே எந்த ஆற்றலில் எத்தனை வருகிறது என்று கணக்கிட்டுவிடலாம். பாறையே அளவுகோல். தங்கவயல் பாறை அடர்த்தி கூடியது. அதில் ஒரு மீட்டர், தண்ணீரில் ஏறத்தாழ மூன்று மீட்டருக்குச் சமம். சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. உலகத்தில் இந்த அளவுகோல் இவ்வளவு நீளமாக வேறு அதிக இடங்களில் இல்லை.

எண்ணுவது சுலபம் என்று தோன்றும். ஒரு கைகர் குழாயைத் தனியாக வைத்தால் பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் உமிழும் கதிருக்கும் அது துடிக்கும். ஆகவே குழாய்களைத் தட்டுத் தட்டாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இடையில் ஈயப் பலகை வைப்பார்கள். எல்லாத் தட்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் கணக்கில் ஏறும். மியூவான் ஈயத்தைத் தாண்டி எல்லாத் தட்டிலும் தடம் பதிக்கும், பாறைக் கதிருக்கு அந்த வலு இல்லை. அப்படியும் தனித்தனித் துடிப்புகள் தற்செயலாக ஒரே கணத்தில் சேர்ந்துவிடலாம். அது எத்தனை முறை நடக்கும் என்று தனியாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். தரவு என்பது கருவி கக்குகிற எண் மட்டும் இல்லை என்பதை இந்தக் கழித்தல்தான் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும்.

அடுத்த பாடம் காத்திருத்தல். ஒன்றையொன்று சாராமல் விழும் துகள்களை எண்ணினால், 100 எண்ணும்போது 10 அளவுக்கு முன்பின் இருக்கும். 10,000 எண்ணினால் 100 அளவுக்கு. அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழையின் அளவு. துல்லியம் பத்து மடங்கு வேண்டுமென்றால் நூறு மடங்கு எண்ண வேண்டும். ஆனால் ஆழம் போகப்போக எண்ணவே ஆளில்லை. மேலே நிமிடத்தில் கிடைத்த எண்ணிக்கைக்குக் கீழே நாள்கணக்கில், பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 'கேஜ்' என்ற சுரங்க லிஃப்ட் ஷாஃப்டில் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் சுரங்கத்தின் வசதிப்படி. ஆழத்தில் பாறையே சுடும். 'ஏர் பிளாஸ்ட்' என்று தங்கவயல் மக்கள் சொல்லும் பாறை வெடிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆபத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பலர் தலித்துகள். அவர்கள் தோண்டிய வழியிலேதான் இயற்பியல் இறங்கிப் போனது. இதைச் சொல்லாமல் தங்கவயல் ஆய்வைப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1960களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம் என்ற ஆய்வாளர்களும் ரமணமூர்த்தியும் சேர்ந்து இந்த அளவீட்டை 8,400 மீட்டர் தண்ணீருக்குச் சமமான ஆழம்வரை கொண்டுபோனார்கள். அங்கே வாரக்கணக்காகக் காத்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. ஒன்றும் கிடைக்காததும் ஒரு தரவுதான். உண்மையான சராசரி 3க்கு மேல் இருந்திருந்தால், ஒன்றுகூட விழாமல் போவதற்கான வாய்ப்பு நூறில் ஐந்துக்கும் கீழே. ஆகவே சுழியம் என்ற விடையும் ஒரு மேல் எல்லையைச் சொல்லிவிடுகிறது. இங்கே அது இன்னொன்றையும் சொன்னது: மேலிருந்து வரும் இரைச்சல் இவ்வளவு அடங்கிய இடத்தில், நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கும் அபூர்வ மியூவானைப் பிடித்துவிடலாம். மேலிருந்து வரும் மியூவான் செங்குத்தாகத்தான் தப்பி வரும், பக்கவாட்டில் வருவதற்கு அதற்குப் பாறை மிக அதிகம். பக்கவாட்டில் ஒன்று வந்தால் அது நியூட்ரினோவின் வேலை. 1965இல் டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அப்படியே கண்டுபிடித்தன. ஆகஸ்டில் வெளியான அவர்களது கட்டுரைக்கும், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் இதே தேடலை நடத்திய ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரைக்கும் இரண்டு வார இடைவெளிதான்.

இனி நாரணனிடம் திரும்புவோம்.

காஸ்மிக் கதிர்க்காரர்கள் தினமும் பார்க்கும் வரைபடம் ஒன்று உண்டு. குறைந்த ஆற்றல் துகள்கள் ஏராளம், கூடிய ஆற்றல் துகள்கள் அபூர்வம். ஆற்றல் பத்து மடங்கு கூடினால், அதற்கு மேற்பட்ட துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. இன்னும் பத்து மடங்கு கூட்டினால் மறுபடியும் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. எந்த ஆற்றலில் எடுத்துப் பார்த்தாலும் சரிவின் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இதை அடுக்கு விதி என்பார்கள். ஆற்றலின் உச்சியில் இருக்கும் துகள்கள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூற்றாண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் விழும்.

ஏன் இப்படி? 1949இல் என்ரிக்கோ ஃபெர்மி ஒரு விளக்கம் சொன்னார். விண்மீன்களுக்கு இடையே அலையும் காந்த மேகங்களில் துகள்கள் மோதி மோதி ஆற்றல் பெறுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் ஒரே மடங்கில் பெருகுகிறது. அதே சமயம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்குத் துகள்கள் தொலைந்தும் போகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்றில் ஆற்றல் இரட்டிக்கிறது, நூறில் முப்பது துகள் மட்டும் தப்புகிறது என்று வையுங்கள். ஆற்றல் பத்து மடங்காக மூன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதற்குள் மிஞ்சுவது ஏறத்தாழ ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு. வரைபடத்தில் பார்க்கும் சரிவை ஒட்டியே வந்துவிடுகிறது! மடங்காகப் பெருகுவது ஒன்று, மடங்காகக் குறைவது ஒன்று. இரண்டும் சேர்ந்தால் அடுக்கு விதி தானாகவே பிறக்கும்.

இந்தக் கணக்கின் எலும்புக்கூட்டை மனசில் வைத்திருப்பவருக்கு உலகம் வேறுமாதிரி தெரியும். லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த சாமுவேல் பிராட்ஃபோர்டு 1934இல் ஒரு வினோதத்தைக் கவனித்திருந்தார். ஒரு துறை சார்ந்த கட்டுரைகளைத் தேடினால், மூன்றில் ஒரு பங்கு சில இதழ்களிலேயே கிடைத்துவிடும். அடுத்த மூன்றில் ஒரு பங்குக்கு அதைப்போல் பல மடங்கு இதழ்களைப் புரட்ட வேண்டும். கடைசிப் பங்குக்கு அதிலும் அதே மடங்கு அதிகம். நூலகர்கள் இதை அனுபவ விதியாக வைத்திருந்தார்கள். காரணம்? 1970இல் 'நேச்சர்' இதழில் நாரணன் ஒரு சிறு கட்டுரையில் விளக்கம் எழுதினார். அறிவியல் இதழ்களின் எண்ணிக்கை காலப்போக்கில் மடங்காகப் பெருகிவந்திருக்கிறது. ஆகவே எந்தக் காலத்தில் எடுத்துப் பார்த்தாலும் புதிய இதழ்களே அதிகம், பழையவை கொஞ்சம். ஒவ்வொரு இதழிலும் வெளியாகும் கட்டுரைகளும் வயதோடு மடங்காகப் பெருகுகின்றன. பழைய, பெருத்த இதழ்கள் சில. இளைய, மெலிந்த இதழ்கள் பல. ஃபெர்மி துகளுக்குப் போட்ட கணக்கின் அதே எலும்புக்கூடு! துகளின் வயது இங்கே இதழின் வயது, ஆற்றல் இங்கே கட்டுரைகளின் எண்ணிக்கை.

நூலகத்தையும் விண்வெளியையும் ஒரே சமன்பாட்டில் பார்த்தது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. இப்படிப் பார்ப்பதற்கு நூலகவியல் பட்டம் தேவைப்படவில்லை. பல ஆண்டு ஒரே வகை வரைபடத்தை நேர்மையாக வரைந்து பழகிய கை தேவைப்பட்டது.

பிறகு சொற்கள். ஹார்வர்டு மொழியியலாளர் ஜார்ஜ் ஸிஃப் காட்டியது பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெரிய நூலில் அதிகம் வரும் சொல்லை முதலாவதாக வைத்து வரிசைப்படுத்தினால், இரண்டாவது சொல் முதலாவதில் ஏறத்தாழ பாதித் தடவை வரும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நூறாவது நூறில் ஒரு பங்கு. இங்கேயும் அதே சரிவு. நாரணன், காஸ்மிக் கதிர் ஆய்வாளரான வி.கே. பாலசுப்பிரமணியனோடு சேர்ந்து 1990களில் சொற்களின் புள்ளியியல் பற்றித் தொடர்ந்து எழுதினார். தகவல் கோட்பாட்டிலிருந்து ஸிஃப் விதியை வருவிக்க முயன்றார்கள். அதே வழியில் மரபணுக் குறியீட்டையும் ஆராய்ந்தார்கள். நாரணனின் பிழைப்பு காஸ்மிக் கதிரும் எக்ஸ்-கதிர் வானியலும். இதெல்லாம் ஆசைக்குச் செய்தது.

குறுக்கெழுத்துப் புதிரும் அப்படித்தான். புதிரை விடுவிக்கையில் நேரும் தோல்விகளைப் பற்றிப் புள்ளியியல் கட்டுரை ஒன்றை 2010இல் அளவுசார் மொழியியல் இதழில் வெளியிட்டார். வெற்றியை எண்ணாமல் தோல்வியை ஏன் எண்ண வேண்டும்? பழகியவருக்குத் தோல்வி அபூர்வம். அபூர்வமானதை எண்ணுவதற்கென்றே ஒரு கணிதம் இருக்கிறது. நாள்தோறும் விடுபடும் விடைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், சுரங்கத்து மியூவான் எண்ணிக்கை எப்படிச் சிதறுமோ அப்படியேதான் அவையும் சிதற வேண்டும். சராசரியும் சிதறலின் வர்க்கமும் ஒத்துப்போகும். சிதறல் கூடுதலாக இருந்தால், ஏதோ ஒன்று தோல்விகளைக் கொத்துக்கொத்தாகச் சேர்க்கிறது என்று பொருள். ஒரு விடை தப்பினால் அதைக் குறுக்கே வெட்டும் விடையும் தப்புகிறதோ, புதிர் போட்டவர் அன்று கடுமையாகப் போட்டாரோ என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கோலம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிக்குக் கோலம் போடுபவர்களுக்குத் தெரியும், ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து எல்லா இடைவெளியிலும் இழையைக் குறுக்கே விட்டுப் பின்னினால் கோலம் ஒரே இழையில் முடியாது. ஐந்து தனித்தனி இழைகள் வரும். செவ்வகமாகப் புள்ளி வைத்தால் கதை மாறும். நீளம், அகலம் இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை வரும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. இரண்டுக்கு மூன்று என்றால் ஒன்றே ஒன்று. 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததாக்கும் ஃபிபோனச்சி வரிசையில் எந்த அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுத்தாலும் பொது வகுத்தி 1தான். ஆகவே அந்த அளவில் வைக்கும் செவ்வகம் எப்போதும் ஒரே இழை.

நாரணன் இந்த வரிசையில் அடுத்தடுத்து நான்கு எண்களை எடுத்துக்கொண்டார். 1, 2, 3, 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண்ணின் வர்க்கம் 25. முதல் எண்ணின் வர்க்கம் 1, நடு இரண்டின் பெருக்கல் 6, அதன் நான்கு மடங்கு 24. கூட்டினால் 25. 2, 3, 5, 8 எடுத்தால் 64 என்பது 4உம் 60உம். இது எப்போதும் பொய்க்காது. இதைப் புள்ளியாகப் பார்த்தால் கோலம் தெரியும். ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கட்டத்தில் நடுவே ஒரு புள்ளி. அதைச் சுற்றி இரண்டுக்கு மூன்று அளவில் நான்கு செவ்வகங்கள், காற்றாடியின் இறக்கைகள்போல ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. மேல் இரண்டு வரியில் இடப்பக்கத்து மூன்று புள்ளிகள் ஒரு செவ்வகம். வலப்பக்கம் இரண்டு செங்குத்து வரிசையில் மேலிருந்து மூன்று இன்னொன்று. கீழே வலமிருந்து மூன்று, இடப்பக்கம் கீழிருந்து மூன்று. கோலத்தைக் கால்வட்டம் திருப்பினாலும் அதே கோலம்.

இப்போது ஐந்து இழைகள் இருக்கின்றன. நான்கு செவ்வகத்துக்கு நான்கு, நடுப்புள்ளியைச் சுற்றிய வளையம் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு தனி இழைகளை ஓரிடத்தில் வெட்டி ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நடுப்புள்ளிக்கு மேலே, வலத்தே, கீழே, இடத்தே என்று நான்கு இடத்தில் இப்படி ஒட்டினால் ஐந்து இழையும் சேர்ந்து ஒரே இழை. சமச்சீர் கலையவும் இல்லை. இதற்கு மேலும் ஒட்டலாம், கோலம் இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் ஒரே இழை தன்னோடு தானே ஒட்டும்போது சில சமயம் மறுபடி பிரிந்துவிடும், விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அரிசி மாவும் ஈர வாசலும் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம்.

கோலத்தைக் கணிதமாகப் பார்த்ததில் நாரணன் முதல்வர் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி, அவரோடு ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என மூவரும் 1970களிலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி, கணினி அறிவியலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கிஃப்ட் சிரோமணியும் நாரணன் வகை மனிதர். சிந்துவெளி எழுத்துகளையும் கல்வெட்டுகளையும் எண்ணி ஆராய்ந்தவர்.

வேலை வேறு, ஆசை வேறு என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் மற்றதை மூட்டைகட்டச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணத் தெரிந்தவருக்கு எதை எண்ணுவது என்று சொல்லித் தருவது ஆசைதான். நாரணனின் 'நேச்சர்' கட்டுரைக்கு எந்த மேலதிகாரியும் காலக்கெடு வைத்திருக்க வாய்ப்பில்லை.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலின் பிள்ளைகளுக்கு வேலை பெங்களூரில்தான். மாரிக்குப்பத்தில் கிளம்பும் விடியற்காலை ரயில் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு பங்காருபேட்டை வழியாகப் போகிறது. அந்தப் பெட்டிகளில் ஆலைக்குப் போகிறவர்களோடும் கடைக்குப் போகிறவர்களோடும், மடிக்கணினிப் பையோடு தரவு வேலைக்குப் போகிறவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வேலையில் பெரும்பங்கு கழித்தல்தான். இரட்டைப் பதிவு, விடுபட்ட தேதி, தப்பான அலகு என்று இரைச்சலைக் கழிப்பது. கைகர் குழாய் அடுக்கியவர்கள் செய்த அதே வேலை.

அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, நாரணன் வழியில் ஒரு கணக்கு காத்திருக்கிறது. ஸிஃப் விதி பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்தே பேசப்படுகிறது. தமிழில் 'வா' என்ற ஒரு வினைச்சொல், வந்தான், வந்தவள், வந்ததற்கு, வராதவர்களிடமிருந்து, வந்துகொண்டிருந்தபோதெல்லாம் என்று நூற்றுக்கணக்கான வடிவம் எடுக்கும். எண்ணும் நிரல் ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாக எண்ணும். அதனால் ஒரே ஒரு தடவை மட்டும் வரும் சொற்கள் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகக் குவிகின்றன. கணினிக்குத் தமிழ் கற்பிப்பவர்களைப் படுத்தும் சிக்கல்களில் இது முக்கியமானது. எப்போதோ ஒருமுறை பார்த்த வடிவத்தை இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்ளும்? சொல்லை வேராகவும் விகுதியாகவும் எங்கே வெட்டுவது என்பதைப் பொறுத்து வளைகோட்டின் சாய்வு மாறும். ஒரு பெரிய நாவலையோ ஓராண்டுச் செய்தித்தாளையோ எடுத்து, முழுச் சொல்லாக ஒருமுறை, விகுதி பிரித்து ஒருமுறை எண்ணி, இரண்டு கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால் எவ்வளவு விலகுகின்றன என்று தெரிந்துவிடும். ரயில் பங்காருபேட்டை தாண்டிப் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் எண்ணும் நிரலை எழுதி முடித்துவிடலாம். விகுதி பிரிக்கும் நிரலுக்குத்தான் பல மாதங்கள் ஆகும், அதில் இலக்கணமும் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.